அழகாக்கித் தந்தவர்

அந்த டீச்சரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்காக என்னிடம் சண்டைக்கு வர எங்கள் தோட்டத்திலேயே பாதிப் பேர் இருக்கிறார்கள். என் வீட்டுக்காரரே முதல் ஆளாக வருவார். "அவங்கள மாதிரி ஒரு டீச்சர் இந்த மலைக்கு இனிமே வரப்போறதில்ல" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வராமல் இருந்தாலே புண்ணியம் என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன். சில நாள் வாய்விட்டும் சொல்லிவிடுவேன். அன்றைக்கு எங்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்காது.

ஆள் லட்சணமாக இருப்பார். இந்தக் குளிரில் நாங்கள் எல்லாம் கையில் கிடைத்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மூட்டை மாதிரி நடமாடுவோம். அவர் மட்டும் புடவை மடிப்புக் கலையாமல், பொட்டு நகராமல், இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர் போல இருப்பார். மழை பெய்து சாலை எல்லாம் செம்மண் சேறாகக் கிடக்கும் நாளிலும் அவர் செருப்பில் மட்டும் சேறு இருக்காது. எப்படி நடந்து வருகிறார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். குரலும் இதமான குரல்தான். பிள்ளைகளை அவர் அதட்டி நான் கேட்டதே இல்லை. இவ்வளவும் சொல்லிவிட்டுத்தான் அவரைப் பிடிக்காது என்கிறேன்.

எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி சின்னப் பள்ளி. தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே, சரிவில் இருக்கிறது. நான் தோட்டத்துத் தேநீர்க் கடையில் வேலை செய்கிறேன். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் பச்சை மலையைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்கும் கடை. பள்ளிக்கு டேப்கள், தொடுதிரைக் கணினிகள், வந்த வருஷம்தான் அந்த டீச்சரும் மாற்றலாகி வந்தார். நான் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருந்ததால், வாரத்தில் ஒரு காலை வகுப்பில் உட்கார்ந்து டேப்களை எடுத்துக் கொடுத்து, முடிந்ததும் எண்ணி வாங்கி, அலமாரியில் சார்ஜில் போடும் வேலை எனக்கு வந்தது. ஆகையால் நான் சொல்வதெல்லாம் யாரோ சொல்லிக் கேட்டது இல்லை. கடைசி மேசையில் உட்கார்ந்து என் கண்ணால் பார்த்தது.

முதல் வாரம் பிள்ளைகளை அவரவர் வீட்டை வரையச் சொன்னார். வரைவதற்கென்றே டேப்பில் ஒரு செயலி. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவன் எங்கள் லயத்து வரிசை வீட்டை வரைந்து, அதன் கூரையில் வீட்டைவிடப் பெரிய ஆஸ்ட்ரோ டிவி தட்டு ஒன்றை வைத்தான். இன்னொருத்தி வீட்டை விட்டுவிட்டு வீட்டு நாயை மட்டும் திரை முழுக்க வரைந்தாள். நாய்க்குக் கால் ஐந்து. கேட்டால் ஒன்று வால் என்றாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

டீச்சர் ஒவ்வொரு மேசையாக வந்தார். "ரொம்ப நல்லா இருக்கும்மா. குடு, நான் அழகாக்கித் தர்றேன்" என்றார். டேப்பை வாங்கினார். விரலால் இரண்டு இழுப்பு. கோணல் சுவர் நேரானது. ஐந்து கால் நாய் மறைந்து, செயலியில் தயாராக இருந்த ஒரு நாய்ப் படம் வந்து உட்கார்ந்தது. சடைசடையாக, காதில் ரிப்பன் கட்டிய வெள்ளைக்கார நாய். ஒரு மூலையில் கண்ணும் வாயும் வைத்த சூரியன். மறு மூலையில் ஒரு தென்னை மரம். பாடம் முடிந்து நான் டேப்களை வாங்கும்போது பார்த்தேன், எல்லா வீட்டுக்குப் பக்கத்திலும் அதே தென்னை நின்றது. இந்த மலையில் தென்னை வளராது. தேங்காய்க்கு நாங்கள் ரிங்லெட் கடைக்கு அல்லவா போகிறோம்? பிள்ளைகளுக்கு அதெல்லாம் கவலை இல்லை. பளபளவென்று இருந்ததில் அவர்களுக்குச் சந்தோஷம்தான்.

ஒரு மாதத்தில் பிள்ளைகள் புத்திசாலிகள் ஆகிவிட்டார்கள். இரண்டு கோடு போட்டதும் கையைத் தூக்கி, "டீச்சர், அழகாக்கிக் குடுங்க" என்று டேப்பை நீட்டத் தொடங்கினார்கள். மிச்சத்தை அவர் முடிப்பார். வரிசையில் நின்று வாங்கிப் போவார்கள். ரேஷன் கடை தோற்றது.

அவர் அழகாக்காத பொருள் கிடையாது. பள்ளிக்காக எங்கள் லயத்தைப் படம் பிடித்துப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் போட்டார். வானம் நீலமாக இருந்தது. அன்றைக்கு முழுநாளும் பனிமூட்டம், எதிர் வீடு தெரியவில்லை. அதுகூடப் போகட்டும். எங்கள் கொடிகளில் தொங்கிய துணிகளைக் காணவில்லை. என் வீட்டுக்காரரின் லுங்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பள்ளிச் சட்டை, ஒன்றும் இல்லை. ஆள் குடியிருக்காத லயம் மாதிரி இருந்தது. அதற்கு நாற்பது பேர் கைதட்டல் போட்டிருந்தார்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வரி வாழ்த்துச் சொல்லும் காணொளி எடுத்தார். "எல்லாரும் வீட்டுக்கு வாங்கலா" என்று ஒரு குட்டிப் பெண் சொன்னதை நான் நேரில் கேட்டேன். காணொளியில் எங்கள் ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா' இல்லை. வெட்டிய இடமும் தெரியவில்லை. அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர்.

இனி என் மகளுக்கு வருகிறேன்.

கீர்த்தனா அப்போது நான்காம் ஆண்டு. அவளுக்குத் திக்கும். எல்லா எழுத்திலும் இல்லை, 'க' வரிசையில்தான். அவள் பெயரே அந்த வரிசையில் இருக்கிறது என்பது பெயர் வைத்த எங்களுக்கு அப்போது எப்படித் தெரியும்? அந்த எழுத்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். தாடை இறுகும். கழுத்து நரம்பு தெரியும். நாங்கள் காத்திருப்போம். வந்துவிடும். வீட்டில் அது பெரிய விஷயமே இல்லை. சோறு வேக நேரம் எடுக்கிற மாதிரி அவள் பேச்சுக்கும் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

டீச்சருக்குக் காத்திருக்கத் தெரியாது. அவள் "டீச்சர், க... க..." என்று தொடங்கினால் இவர் உடனே குனிந்து, சிரித்த முகத்தோடு, "கழிவறையாம்மா? கத்தரிக்கோலா? கலர் பென்சிலா?" என்று வரிசையாக எடுத்துக் கொடுப்பார். சரியான வார்த்தை வந்ததும் அவள் தலையாட்டுவாள். அவள் கேட்க வந்தது வேறாக இருந்தாலும் சில நாள் தலையாட்டிவிடுவாள். கத்தரிக்கோல் கேட்காத பிள்ளை கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். வகுப்பில் வாசிக்கச் சொல்லும்போது அவள் முறை வந்தால் டீச்சர் மெல்லத் தாண்டிப் போய்விடுவார். "பாவம், கஷ்டப்படுத்த வேணாம்மா" என்று என்னிடம் ரகசியமாகச் சொல்வார். அந்த ரகசியத்தை முன்வரிசை வரைக்கும் எல்லாப் பிள்ளைகளும் கேட்டார்கள்.

அந்த வருஷம் பள்ளிக் கண்காட்சிக்காக ஒவ்வொரு பிள்ளையும் டேப்பில் ஒரு கதைப்புத்தகம் செய்யவேண்டும் என்று சொன்னார். படம் வரைந்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் தங்கள் குரலிலேயே கதையைப் பதிவு செய்யவேண்டும். டேப்களை ஒரு வாரம் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். நல்ல யோசனைதான், அதை நான் மறுக்கவில்லை. கீர்த்தனாவிடம் மட்டும், "நீ படம் மட்டும் வரஞ்சா போதும். குரலுக்கு வேற யாரையாச்சும் பேசச் சொல்லிக்கலாம்" என்றார். அவள் தலையாட்டிவிட்டு டேப்பை வாங்கிக்கொண்டு வந்தாள்.

என் வீட்டுக்காரர் திரிங்காப்பில் ஒரு தவுக்கே முதலாளியிடம் லோரி ஓட்டுகிறார். முட்டைக்கோஸ், எங்கள் பேச்சில் கோபிஸ், ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்குவார். அந்தப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்துவிட்டுத்தான் திரும்பவேண்டும். கீழேயிருந்து எவன் வருகிறான் என்று தெரியாது. பள்ளி விடுமுறையில் அப்பாவோடு முன் இருக்கையில் போய்ப் பழக்கம் அவளுக்கு. அந்தக் கதையைத்தான் செய்தாள். தோட்டத்தில் தொடங்கி தாப்பா வரைக்கும், ஒரு பக்கத்துக்கு ஒரு வளைவு, அவள் சொல்வது கோனர். லோரி இறங்க இறங்க முட்டைக்கோஸ் ஒவ்வொன்றாக உருண்டு விழும். அவற்றைக் குரங்கு எடுத்துப்போகும், போலீஸ்காரர் எடுத்துப்போவார், ஒரு சீனப் பாட்டி எடுத்துப்போவாள். தாப்பாவில் லோரி காலி.

சனிக்கிழமை அவள் அப்பாவை லோரியில் உட்காரவைத்து ஹார்ன் அடிக்கச் சொல்லி, அதைப் பதிவு செய்தாள். "எதுக்குலா இது?" என்று கேட்டார் அவர். அவள் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தை ஒவ்வொரு பக்கத்து மூலையிலும் ஒரு குட்டி லோரிப் படத்துக்குள் வைத்தாள். படத்தைத் தொட்டால் பாம் என்று அடிக்கும். பிறகு அறைக்குள் போய்ப் போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு பேசத் தொடங்கினாள். எங்கள் லயத்தில் சுவர் பலகைச் சுவர். அடுப்படியில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"அப்பா லோரிய எடுத்தாரு. முதல் (பாம்) கோனர் வந்துச்சி. ஒரு (பாம்) கோபிஸ் (பாம்) கீழ விழுந்துச்சி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் விளங்கிவிட்டது. வார்த்தை அடைத்துக்கொள்ளும் இடத்தில் அவள் அந்த லோரியைத் தொடுகிறாள். ஹார்ன் அடிக்கிறது. அந்தச் சத்தம் முடிவதற்குள் வார்த்தை வெளியே வந்துவிடுகிறது. கேட்கிறவருக்கு ஒரு பிள்ளை திக்குவதாகவே தோன்றாது. லோரி வளைவில் ஹார்ன் அடித்துத் திரும்புகிறது என்றுதான் தோன்றும். ஒன்பது வயது முடிந்து பத்தாவது நடக்கிற பிள்ளை, ஒருவரும் சொல்லித்தராமல், தானே கண்டுபிடித்த வழி அது. எந்த டாக்டரும் எங்களுக்கு அதைச் சொன்னதில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்று முழுக்கதையையும் கேட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடைசிப் பக்கத்தில், "இந்த (பாம்) கதையச் சொன்னது" என்று நிறுத்தி, நீளமாக ஒரு ஹார்ன் அடித்து, "கீர்த்தனா" என்று தன் பெயரைச் சொன்னாள். ஓர் ஆளிடம்கூட ஒரே மூச்சில் சொல்லாத பெயர்.

போர்வையை விலக்கி வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது. "நல்லா இருக்காம்மா?" என்றாள். "ரொம்ப நல்லா இருக்குடி" என்றேன். திங்கட்கிழமை டேப்பைத் தானே கொண்டுபோய் டீச்சரிடம் கொடுத்தாள். வேறு யாரும் குரல் கொடுக்கவேண்டாம், நானே பேசிவிட்டேன் என்று சொன்னாளாம். அதைச் சொல்லி முடிக்கும் வரைக்கும் டீச்சர் காத்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது.

கண்காட்சி நாள் மண்டபம் நிறைய ஆட்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார், நல்ல மனிதர். பிள்ளைகளின் கதைகளைப் பெரிய திரையில் ஒவ்வொன்றாகப் போட்டார்கள். கடைசியாகக் கீர்த்தனா செய்த அப்பாவின் லோரி. டீச்சர் மைக்கில், "இந்தக் கதை உங்களுக்கெல்லாம் ஓர் இன்ப அதிர்ச்சியா இருக்கும்" என்றார்.

பின்னணியில் புல்லாங்குழல் ஒலித்தது. லோரி இறங்கியது. அது அவள் வரைந்த லோரி இல்லை, நேர் கோடுகளால் ஆன ஒரு லோரி. சாலையோரத்தில் தென்னை. அதற்குப் பிறகு குரல் வந்தது. "அப்பா லோரிய எடுத்தாரு. முதல் கோனர் வந்துச்சி. ஒரு கோபிஸ் கீழ விழுந்துச்சி." தடையில்லாமல், தண்ணீர் ஓடுகிற மாதிரி. என் மகளின் குரல்தான். ஆனால் வேறு யாரோ பேசுவது போல் இருந்தது. ஹார்ன் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வோர் இடைவெளியையும் தேடிப்பிடித்து வெட்டி, துண்டுகளை ஒட்டியிருந்தார் டீச்சர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எம்புள்ள எப்படிப் பேசுது பாரு" என்றார். பின்னாலிருந்து ஒரு பெண் என் தோளைத் தட்டி, "ஒம்மகளுக்குச் சரியாயிருச்சாக்கா? எந்த டாக்டர்கிட்ட காட்டுன?" என்று கேட்டாள். நான் கீர்த்தனாவைத் தேடினேன். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் மறக்கமுடியவில்லை. ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைதட்டல் ஓயவில்லை. அதிகாரி எழுந்து, "யாரும்மா இந்தக் கதையச் சொன்னது? இங்க வா, ஒரு பக்கம் எங்களுக்கு நேர்ல சொல்லு" என்றார். அன்போடுதான் கேட்டார். எழுந்து போனாள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "அப்பா லோரிய எடுத்தாரு. முதல்" என்றாள். நின்றுவிட்டது. கண்ணை மூடினாள். கட்டைவிரல் மைக்கின் மேல் எதையோ தேடி அழுத்தியது. மறுபடி அழுத்தியது. மண்டபம் அமைதியாக இருந்தது. பிறகு பிள்ளைகள் பக்கத்தில் ஒரு சிரிப்பு, அதைத் தொடர்ந்து இன்னும் கொஞ்சம் சிரிப்பு. வீட்டில் என்றால் நாங்கள் காத்திருப்போம், வந்திருக்கும். அங்கேயும் இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் வந்திருக்கும். டீச்சர் விடவில்லை. பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்து, "கோனர் வந்துச்சி. அதானம்மா?" என்று மைக்கை வாங்கிக்கொண்டார். "கொஞ்சம் வெக்கம் சார்" என்றார். மறுபடி கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து சீருடையை மாற்றும்போது கீர்த்தனா என்னிடம், "அந்தப் பொண்ணு நல்லா பேசுதுல்லம்மா" என்றாள்.

"எந்தப் பொண்ணு?"

"டேப்ல இருக்கிற பொண்ணு."

மறுநாள் கடைச் சீருடையோடேயே பள்ளிக்குப் போனேன். டீச்சர் ஆசிரியர் அறையில் டேப் திரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலி இழுத்துப் போட்டார். டீ வேணுமா என்று கேட்டார். நான் உட்காரவில்லை.

"டீச்சர், கீர்த்தி மொதல்ல பேசினது இருக்குமில்ல, ஹார்ன் அடிச்சி அடிச்சிப் பேசினது, அத என் போனுக்கு அனுப்பிவிடுங்க."

"அது இல்லையேம்மா. டேப்ல இடமே இல்ல. வேல முடிஞ்சதும் பழசையெல்லாம் அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டீங்களா?"

"அது சும்மா மொதல் பதிவுதானம்மா. இதுதான் முழுசா முடிச்சது. இத அனுப்பட்டுமா?"

"ஏன் டீச்சர் ஹார்ன எடுத்தீங்க?"

"எத்தன எடத்துல இருந்துச்சி தெரியுமா? ஒவ்வொரு வரியிலயும் பாம் பாம்னு. மண்டபத்துல போட்டா சிரிச்சிருவாங்க. புள்ளய நெனச்சிதாம்மா எடுத்தேன். கை வலிக்கிற வரைக்கும் உக்காந்து வெட்டியிருக்கேன். எங்கயாச்சும் வெட்டினது தெரியுதா, சொல்லுங்க?"

"தெரியல" என்றேன்.

"அதானே" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. நான் பாராட்டுவதாக எடுத்துக்கொண்டார்.

"டீச்சர், அந்த ஹார்ன் வெளையாட்டுக்கு வச்சதில்ல. அத வச்சிதான் அவ பேசினா. அது இல்லாம அவளால பேச முடியாது. நேத்து மேடையில பாத்தீங்கதானே?"

அவர் துணியை மடித்து வைத்தார். பிறகு மெல்லிய குரலில், "நானும் தோட்டத்துப் புள்ளதாம்மா. ரப்பர் தோட்டம். டவுன் ஸ்கூல்ல சேத்துவிட்டாங்க. வாயத் தொறந்தாலே சிரிப்பாங்க, நான் பேசுற மாதிரியே பேசிக் காட்டுவாங்க. அஞ்சு வருஷம் அங்க வாயத் தொறக்கல. அந்த நெலம இந்தப் புள்ளைங்களுக்கு வரக்கூடாதுன்னுதான் பாக்குறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர் மேல் இரக்கமாகக்கூட இருந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணு செய்யலாம். அவள மறுபடி பேசச் சொல்லுங்க. ஒங்களுக்கு ஹார்ன் வேணும்னா நான் நல்ல சத்தமா ஒண்ணு தேடி, ரெண்டு எடத்துல அழகா சேத்துத் தர்றேன்" என்றார்.

"வேணாம் டீச்சர். இனிமே எம்புள்ள டேப்ப நீங்க தொடவேணாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று மாலை வீட்டில் எனக்குக் கிடைத்த அர்ச்சனையைச் சொல்லி முடியாது. "நம்ம புள்ளைங்களுக்கு யாருலா இவ்ளோ செய்வா? டீச்சர்கிட்ட போயி சண்ட போட்டியா?" என்று கத்தினார் என் வீட்டுக்காரர். அவர் கைப்பேசியில் அந்த வழவழப்பான கதை வந்து சேர்ந்திருந்தது. லோரியில் அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டே தாப்பா வரைக்கும் போவார். மற்ற டிரைவர்களுக்கும் போட்டுக் காட்டுவார்.

டீச்சர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த வாரம் நான் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது எல்லா மேசைக்கும் போனார், கீர்த்தனாவின் மேசையைத் தவிர. அவள் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தினாள். அவள் வரைந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்து போய், டீச்சரின் முன்னால் நின்று, வாயைத் திறக்காமல் இரண்டு கையாலும் நீட்டினாள். டீச்சர் அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார். நான் எழுந்து வெளியே வந்து, செடிகளுக்கு நடுவே நின்று மூக்கைச் சிந்தினேன். அவள் கதையை மறுபடி பேசிப் பதிவு செய்யச் சொல்லி எவ்வளவோ கெஞ்சியிருக்கிறேன். செய்யவே இல்லை. அந்தக் கதைதான் இருக்கிறதே, அந்தப் பெண் நன்றாகத்தானே சொல்லியிருக்கிறாள் என்பாள்.

அந்த டீச்சர் பிறகு பதவி உயர்ந்து, ஈப்போ பக்கம் மாறிப் போனார். வழியனுப்பு விழாவில் பிள்ளைகள் எல்லாம் அழுதார்கள். பெற்றோரும் அழுதார்கள். விருந்துக்கு மீஹூன் கிண்டிக் கொடுத்தது நான்தான். நான் அழவில்லை. எங்கள் எல்லோரையும் நிற்கவைத்துப் படம் பிடித்து, மறுநாள் குழுவில் அனுப்பினார். வெயிலிலும் குளிரிலும் என் கன்னத்தில் விழுந்த கரும்படையைக் காணோம். எனக்குப் பக்கத்தில் நின்றவளின் நெற்றித் தழும்பும் காணோம். எல்லோரும் ஒரே கடையில் வாங்கிய பொம்மைகள் மாதிரி இருந்தோம். அந்தப் படத்தை எல்லோரும் வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். என் வீட்டிலும் இருக்கிறது, என்னைக் கேட்டு மாட்டவில்லை.

கீர்த்தனா இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். விடுதியில் இருக்கிறாள். நல்ல மதிப்பெண். கைப்பேசியில் அழைத்தால் எடுக்கமாட்டாள். மணி அடித்து ஓயும். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் செய்தி வரும். "அம்மா, க்ளாஸ்ல இருந்தேன். நல்லா இருக்கேன். காசு போதும்." ஒரு தடங்கல் இருக்காது. முதலில் நானும் ஏமாந்தேன். பிள்ளைக்குச் சரியாகிவிட்டது என்று கோயிலில் தேங்காய்கூட உடைத்தேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாலும் வாயைத் திறக்கமாட்டாள், தலையாட்டலோடு சரி.

போன விடுமுறையில் வந்திருந்தாள். மதியம் நான் அடுப்படியில் இருந்தேன். அவள் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், கட்டிலில். யாரிடமோ பேசுகிறாள் என்று நினைத்தேன். "அம்மா, கு... கு..." என்று கேட்டது. நிறுத்தினாள். மறுபடி, "அம்மா, கு..." வந்தது, பிறகு மூச்சு. நெடுநேரம் கழித்து, "குழம்புல" என்று வந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் மகளின் குரலை நான் கேட்கிறேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் அமைதியானது. கதவிடுக்கில் பார்த்தேன். கைப்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நகத்தால் திரையில் எதையோ நறுக்கி நறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அடுப்புத் திண்டில் என் கைப்பேசி டிங் என்றது. எடுத்துக் கேட்டேன்.

"அம்மா, குழம்புல காரம் கொஞ்சம் கம்மியா போடுங்க."

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பலகைதான் இருக்கிறது. "சரிடி" என்று அந்தப் பலகையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். "வேற என்ன வேணும்? இங்க வந்து சொல்லு. எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல, நான் நிக்கிறேன்."

நான் நின்றுகொண்டிருந்தேன். குழம்பு கொதித்து வழிந்து அடுப்பை அணைத்தது. கைப்பேசி மறுபடியும் டிங் என்றது.